பிரேக்கக்கா மூன்றாம் முறை எழுதிய தேர்வு

அந்தக் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. முதலாளி முதல் ஆயில் மாற்ற வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் பிரேக்கக்காதான். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்குத்தான் தொடுவார்கள். இவள் கால் அதிலேயே குடியிருந்தது. தூரத்தில் ஒரு நாய் ரோட்டைக் கடக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தாலே இங்கே வண்டி நின்றுவிடும். நாய் யோசித்து முடித்து வேறு பக்கம் போய்விடும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கால் இப்படி என்றால் வாய் அதற்கு நேர்மாறு. காய்கறிக் கடைக்காரர் எடை போட்டால் அவரை விட்டுவிட்டுத் தராசோடு வாதாடுவாள். டிராபிக் போலீஸ்காரர் "ஓரமா நிறுத்துங்க" என்றால், எது ஓரம் என்பதில் அவருக்கும் இவளுக்கும் கருத்து வேறுபாடு வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் கணவனோடு எதையாவது பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்காவிட்டால் அவளுக்குச் செரிக்காது. இதில் கோபம் துளியும் இருக்காது. சிலருக்குப் பாட்டு, சிலருக்குச் சீட்டாட்டம், அவளுக்கு வாதம்.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். சிக்னலில் இரண்டு கார்கள் உரசிக்கொண்ட வழக்கில் சாட்சி. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கச் சிறிது நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, தனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குகளையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு மதில் சுவருக்காக இரண்டு கறுப்புக் கோட்டுகள் மோதிக்கொண்டன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். நடுவில் யாரும் "வாயை மூடு" என்று சொல்லவில்லை. அதைவிட ஆச்சரியம், இடைவேளையில் அந்த இருவரும் கேன்டீனில் ஒரே மேசையில் சிரித்துப் பேசி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து எந்தக் குணத்துக்காகத் திட்டு வாங்கினாளோ, அந்தக் குணத்துக்கு ஒரு கட்டடமே கட்டி, வாசலில் காவலும் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மாலையே கணவனிடம் சொல்லிவிட்டாள். "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்."

"படிக்கவே வேண்டாமே. நேரா போய் நின்னுடலாம் நீ" என்றான் அவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே, வீட்டிலும் அந்த அளவுக்குத்தான் பேச்சு. ஆனால் மறுநாளே கடை கடையாக அலைந்து சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வழிகாட்டிப் புத்தகங்களை வாங்கி வந்துவிட்டான். தபால் வழியில் படித்து வாங்கிய பட்டம் ஒன்று அவளிடம் இருந்தது. அது அதுவரை அலமாரித் தட்டில் விரித்த தாளுக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது. இனி என்ன, தேர்வு எழுத வேண்டியதுதான் பாக்கி என்று இருவரும் நினைத்தார்கள்.

முதல் முறை தோற்றாள். அடுத்த முறையும் தோற்றாள். இரண்டு முறையும் ஒரே மாதிரி: தாளில் பாதிக்கு மேல் போவதற்குள் மணி அடித்துவிட்டது. முதல் தோல்விக்கு லேசாக அழுதாள். இரண்டாவதற்கு அழுத அழுகையில் கணவன் ஆடிப்போய்விட்டான். அவனுடைய தொழிலே மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுப்பது. பொண்டாட்டி மாட்டிக்கொண்டபோது எந்தக் கதவைத் திறப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், புத்தகங்கள் எல்லாம் பரணில் ஏறியிருந்தன.

"போதும்மா. நீ அழறதை என்னால பாக்க முடியல" என்றான்.

அவள் "சரி" என்றாள். கல்யாணமான நாள் முதலாக அவள் எதிர்வாதம் இல்லாமல் சொன்ன முதல் "சரி" அது. அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டான்.

அவளும் உண்மையிலேயே விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் சில மாதங்களில் ஒரு செய்தி வந்தது. அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு அருகிலிருந்த கல்லூரியில் மாலை நேரச் சட்ட வகுப்பு நடந்துவந்தது. அதை நம்பித்தான் அவள் ஆசையே. இந்த ஆண்டு சேர்கிறவர்களோடு மாலை வகுப்பை மூடிவிடப் போகிறார்கள் என்றார்கள். அப்புறம் பகல் வகுப்பு மட்டும்தான். பகலில் படிப்பதென்றால் வேலையை விட வேண்டும். அவள் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. ஆக, இந்த ஒரு தடவை, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. யாரிடமும் மூச்சுவிடாமல் மூன்றாவது முறையும் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள்.

பரணில் இருக்கும் புத்தகங்களைத் தொட்டால் கணவனுக்குத் தெரிந்துவிடும். பழைய புத்தகக் கடையில் அதே புத்தகங்களை இன்னொரு முறை வாங்கி, பயிற்சிக் காரின் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் செருகிவைத்தாள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் வண்டியைப் பள்ளியை ஒட்டிய மைதானத்து ஓரம் நிறுத்திப் படிப்பாள். அவள் படித்த பொது அறிவுக்கெல்லாம் ரப்பர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது நாத்தனார். கணவனுடைய தங்கை. மாடி வீட்டில் குடியிருக்கிறாள், பயிற்சிப் பள்ளிக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை. ஒரு மத்தியானம், நிறுத்திய காருக்குள் தனியாக உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள்.

"யார்கூட அண்ணி சண்டை?"

"கேள்வித்தாள்கூட."

"மறுபடியுமா! அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ சொன்னே, உன்னை இந்தக் கார்லயே கட்டி ரவுண்டானாவைச் சுத்த விட்டுருவேன்."

நாத்தனாருக்கு ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பது என்பது வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி. இருந்தாலும் சமாளித்தாள். சொல்ல முடியாத அவஸ்தையையெல்லாம் ஊக்கமாக மாற்றி அண்ணியின் போனுக்கு அனுப்பத் தொடங்கினாள். காலையில் கண் விழித்தால் உதிக்கிற சூரியன் படம், அதன்மேல் பெரிய எழுத்தில் 'முடியும் என்று நினை, முடிந்துவிடும்.' மத்தியானம் ஒரு வீடியோ. நீலக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடி உலகத்தையே திட்டுகிற தொனியில் உற்சாகமூட்டுவார். இந்த ஆட்களுக்கெல்லாம் யார் இவ்வளவு கைதட்டுகிறார்களோ தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்து "நான் ஜெயிப்பேன்" என்று தினமும் சொல்ல வேண்டும் என்பது அவருடைய யோசனை. பிரேக்கக்கா அதையும் செய்து பார்த்தாள். காரின் ஓரக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "உன்னால முடியும். நீ கெட்டிக்காரி" என்று முணுமுணுத்தாள். ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண், "தேங்க்ஸ் அக்கா, காலையிலிருந்து பயமாவே இருந்துச்சு" என்று நெகிழ்ந்துவிட்டாள். அதோடு அந்த வழி மூடப்பட்டது.

உண்மையில் உதவி வந்தது ஒரு பல் டாக்டரிடமிருந்து. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள், முப்பது வயது. அடுத்தவர் வாய்க்குள் கை நடுங்காமல் துளை போடுவாள். ஆனால் ரவுண்டானா வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள் டயர் மாற்றும் பாடம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினாள் டாக்டர். தடித் தடியாகப் புத்தகங்கள்.

"அக்கா, இதெல்லாம் யாரோடது?"

"ஸ்டெப்னியோடது" என்றாள் பிரேக்கக்கா. டாக்டர் பார்த்த பார்வையில் அதற்கு மேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், இரண்டு முறை தோற்றது, புத்தகம் பரணேறியது, மாலை வகுப்பு மூடப்போவது எல்லாம்.

டாக்டரின் கண் மின்னியது. "பரீட்சை எழுதியே வளந்தவ அக்கா நான். எனக்கு உலகத்துல தெரிஞ்சது ரெண்டே விஷயம், பல்லு, பரீட்சை. வாங்க, உங்க வாயைத் திறங்க, பாக்கலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மைதானத்து ஓரத்தில் சற்று நேரம் வண்டி நிற்கும். டாக்டரின் முதல் சட்டம், மாதிரித் தேர்வு எழுதினால் மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. "எத்தனை பல்லு சொத்தைன்னு எண்ணி என்ன ஆகப் போகுது? எது, ஏன்னு பாக்கணும்." தப்பான பதில் ஒவ்வொன்றையும் எடுத்து, ஏன் தப்பானது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாததால் தப்பா, அவசரத்தால் தப்பா, தெரிந்தும் சந்தேகத்தால் தப்பா? தெரியாதது என்றால் அன்றைக்கே அதைப் படித்துவிட வேண்டும். அவசரம் என்றால் கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். சந்தேகத்துக்கு மட்டும் டாக்டரிடம் உடனடி மருந்து இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. தர்க்கக் கேள்விகளோடு பிரேக்கக்கா சண்டைக்குப் போய்விடுவாள்.

"'எல்லா மஞ்சள் வண்டிகளும் வேகமானவை. இது மஞ்சள் வண்டி. ஆகவே?'" என்று டாக்டர் வாசிப்பாள்.

"டயர்ல காத்து இருக்கா?"

"அக்கா, அதெல்லாம் கேக்கலை."

"யார் ஓட்டறா?"

"யாரும் ஓட்டலை! பேப்பர்ல இருக்கற வண்டி அக்கா அது! குடுத்ததை மட்டும் நம்புங்க. வாதாடறதெல்லாம் காலேஜுக்குள்ள போனப்புறம்."

"அநியாயம்" என்று முனகிக்கொண்டே சரியான பதிலுக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்குவாள். சிரித்துச் சிரித்துப் படித்ததில் ஒரு விஷயம் நடந்தது. தேர்வு என்றாலே வருகிற அந்தப் பழைய பயம் மெல்ல விலகியது. மைதானத்து ஓரத்து நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தாள். நீலக் கோட்டுக்காரரால் ஆகாதது இது.

ஆனால் நேரம் மட்டும் போதவே இல்லை. எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாலும் கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. வீட்டில் அவள் வாய் அடைத்துப்போனது. பேசினால் உளறிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பிடும்போது எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. கணவன் ஒரு நாள் வேண்டுமென்றே, "உங்க முதலாளி செய்யறதுதான் சரி" என்று தூண்டில் போட்டுப் பார்த்தான். "ஆமாங்க" என்று எழுந்து கைகழுவப் போய்விட்டாள். மறுநாள் அவன் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். "உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டபோது அவள் ஒரு பழத்தைக் கையில் எடுத்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடி தோற்றால் மறுபடி அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று ஆரஞ்சை உரித்தாள்.

ஒரு சாயங்காலம் டாக்டருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "நீங்க எழுதிட்டே இருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் நடந்தபடி பேசினாள். பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்ட காரின் பின்விளக்குகள் பளிச்சென்று சிவப்பாக எரிந்து அணைந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி. அப்புறம் மறுபடி. டாக்டர் போனை வைத்துவிட்டுப் பூனைபோல் வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பிரேக்கக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவாள். அடுத்த கேள்விக்குப் போவாள். திடீரென்று கால் பிரேக்கை அழுத்தும். கண் முந்தின கேள்விக்குத் திரும்பும். ரப்பர் வரும், வட்டம் அழியும், பக்கத்து வட்டம் கறுப்பாகும்.

"அக்கா!" என்று டாக்டர் போட்ட கூச்சலில் பென்சில் முனை உடைந்தது. "பிடிச்சிட்டேன்! சொத்தை எங்கன்னு பிடிச்சிட்டேன்!"

அழித்த இடங்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அழிந்த பதில்களின் தடம் லேசாகத் தெரிந்தது. அநேகமாக எல்லா இடத்திலும் முதலில் போட்டதுதான் சரி. சரியாகப் போட்டு, பயந்து நிறுத்தி, திரும்பிப் பார்த்து, தப்பாக்கியிருந்தாள். நேரமும் அங்கேதான் போயிருந்தது.

பிரேக்கக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்தக் கால் அடுத்தவர்கள் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது தன்னையே நகர விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் டாக்டர். "இத்தனை நாள்ல நான் ஒரு தடவைகூட பிரேக் போட்டதே இல்ல. நான் போடறதுக்குள்ள நீங்க போட்டுடறீங்க. ரவுண்டானாவுல நான் கண்ணை மூடிக்கறேன்னா, நீங்க பாத்துப்பீங்கன்னுதான்."

இது சுருக்கென்று தைத்தது. முதலாளியும் இதையேதான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார், அவளிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை வகுப்பு தேவைப்படுகிறது என்று. அதற்கு அவள் அவரோடு வாதாடி ஜெயித்திருந்தாள். வாதத்தில் ஜெயிப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்பது இப்போது காருக்குள் உறைத்தது.

மறுநாள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். போக்குவரத்துக் குறைவான காலை வேளையில் ரவுண்டானாவை நோக்கி வண்டி கிளம்பியது. பிரேக்கக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின்மேல் இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் பெல்ட், மடியில் இறுக்கிப் பிடித்த கைகள். ஏதோ தியானத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். முகத்தைப் பார்த்தால் மட்டும் தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

"கண்ணைத் திறந்து வைங்க டாக்டரம்மா. இன்னிக்கு நான் இல்ல."

"நீங்க இல்லன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா!"

ரவுண்டானாவுக்குள் நுழைகிற நேரத்தில் பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டியது. பிரேக்கக்காவின் தொடை துடித்தது. வாயில் முழுசாக ஒரு அலறல் வந்து நின்றது. காலை மட்டும் இறக்கவில்லை. டாக்டர் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பஸ் ஓட்டுநர் நிதானமாகக் கடந்து போனார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"நான் போட்டேன்! நான்தான் போட்டேன்!" என்று டாக்டர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினாள். பிரேக்கக்காவும் கத்தினாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி நடுரோட்டில் நிற்பது இருவருக்கும் நினைவு வந்தது.

அதற்குப் பிறகு மாதிரித் தேர்வுகளையும் சம்மணம் போட்டே எழுதினாள். ரப்பரை டாக்டர் பறிமுதல் செய்துவிட்டாள். எழுதிய பதிலை எழுதியதாக விட்டுவிட்டு மேலே போவது ஆரம்பத்தில் அடுப்பை அணைக்காமல் வெளியூர் போவது மாதிரி இருந்தது. மெல்லப் பழகியது. வெள்ளையாகக் கிடந்த கடைசிப் பக்கங்களில் கறுப்பு வட்டங்கள் தோன்றின. தேர்வுக்கு முந்தின வாரம் டாக்டருக்கு ஓட்டுநர் உரிமமும் வந்துவிட்டது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்து கணவனுக்கு விடுமுறை. "வா, எங்கயாவது வெளிய போயிட்டு வரலாம், நீயும் ரொம்ப நாளா வாடிப் போயிருக்க" என்றான். படியில் இறங்கிவந்த நாத்தனார் ஆபத்பாந்தவியாகக் குறுக்கே விழுந்தாள்.

"அண்ணிக்கு இன்னிக்கு வகுப்பு இருக்கு. எனக்குத்தான். நான் கார் கத்துக்கறேன்!"

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! சொல்லவே இல்ல? கியரெல்லாம் போட வருதா?"

"எல்லாக் கியரும் சூப்பரா இருக்கு அண்ணே" என்றாள் நாத்தனார், புடவை பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி. அவன் மேலே எதுவும் கேட்பதற்குள் அண்ணியின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் அவளும் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் தேர்வு மையத்தின் வாசலிலேயே காத்துக் கிடந்தாள்.

தேர்வு அறையில் சம்மணத்துக்கு வழியில்லை. பெஞ்சும் மேசையும் ஒன்றாக அடித்த பள்ளிக்கூடத்து இருக்கை. கண்காணிப்பாளர் அம்மா வந்து, "காலைக் கீழ போட்டு ஒழுங்கா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கால் தரையைத் தொட்டதும் பழைய பயமும் கூடவே வந்து உட்கார்ந்தது. மூன்றாவது கேள்வியிலேயே பாதம் சிமென்டுத் தரையை அழுத்தியது. அழுத்தட்டும் என்று விட்டாள். தரையை எவ்வளவு அழுத்தினாலும் எதுவும் நிற்கப்போவதில்லை என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்காமல் மேலே போனாள். மஞ்சள் வண்டிக்குப் பதிலாக யாரோ ஒரு வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் வந்தார்கள். கொடுத்ததை மட்டும் நம்பினாள். அந்த வாடகைக்காரர்மேல் அவளுக்கு நிறையச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி வட்டத்தைக் கறுப்பாக்கி நிமிர்ந்தபோது மணி அடிக்கவில்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்தாள், எங்கேயும் வெள்ளை இல்லை. மீதி நேரம்தான் பெரிய சோதனை. பன்னிரண்டாவது கேள்வி கூப்பிட்டது, முப்பதாவது கெஞ்சியது. பென்சிலை மேசை ஓரத்துக்கு உருட்டிவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"இல்லைங்க. கட்டிப் போட்டிருக்கேன்" என்றாள்.

முடிவு வந்தது ஒரு வேலைநாளின் நடுப்பகலில். மருந்துக்கடையில் நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். கையில் வைத்திருந்த இருமல் மருந்தோடு அப்படியே ரோட்டைக் கடந்து ஓடிவந்தாள். மருந்து கேட்டவர் அவள் பின்னாலேயே ஓடிவந்தார். "அண்ணி! பாஸ்! மாலை வகுப்பு! இடம் கிடைச்சாச்சு!" முதலாளி ஒன்றும் புரியாமல் கைதட்டினார். டாக்டருக்கு போன் போட்டால், யாரோ ஒருவரின் வாய் திறந்திருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து வந்த கூச்சலில் போன் அதிர்ந்தது. பிரேக்கக்கா கார் சாவியை முதலாளி கையில் கொடுத்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். கணவனிடம் இதைப் போனில் சொல்ல முடியாது. பாஸ் ஆனதை மட்டும் சொல்வதென்றால் சொல்லிவிடலாம். மறைத்ததையும் அல்லவா சொல்ல வேண்டும்.

அவன் அன்று ஓர் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தான். அங்கே லிஃப்ட் ஓடவில்லை, அதனால்தான் அவன் அங்கே இருந்தான். உச்சியிலுள்ள மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். பாதி உயரம்வரை சந்தோஷம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு மேல் மூச்சு வாங்கியது, பயம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று தன் தரப்பைத் தயார் செய்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், புத்தகத்தைப் பரணில் ஏற்றியது யார் என்று கேட்க வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்றால், பொய் சொன்னது உங்கள் தங்கை, நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். உச்சிக்கு வந்தபோது வழக்கு கனகச்சிதமாக இருந்தது.

அவன் மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கை முழுக்க கிரீஸோடு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்பேனர் நழுவியது.

"என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நான்... தேர்வு எழுதினேன். மூணாவது தடவை. உங்களுக்குத் தெரியாம. பாஸ் பண்ணிட்டேன். இடம் கிடைச்சிருக்கு."

அவன் கருவிப் பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தான். "எப்ப எழுதின?"

"அந்த ஞாயித்துக்கிழமை."

"அப்ப என் தங்கச்சி கார் கத்துக்கறது?"

"அவ ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்ல."

சிரிப்பு வரும் போலிருந்தது அவன் முகத்தில். வரவில்லை. கந்தல் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். அவள் தன் வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தடவையும் தோத்திருந்தா," என்றான், அவளைப் பார்க்காமல், "யார்கிட்ட போய் அழுதிருப்ப?"

இந்தக் கேள்வி எந்த மாடியிலும் வரவில்லை.

"நீ அழறதைப் பாக்க முடியலன்னுதானே சொன்னேன். என்கிட்ட அழாதேன்னா சொன்னேன்?"

தராசோடு வாதாடியவள், போலீஸ்காரரோடு வாதாடியவள், மாடி மாடியாகத் தயார் செய்த வழக்கை அங்கேயே வாபஸ் வாங்கினாள். தோற்றால் மைதானத்து ஓரத்தில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போட்டிருப்பாள். அதுதான் அவள் போட்டிருந்த திட்டம். அது அவனுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்று இப்போதுதான் தெரிந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முந்தின இரண்டு முறைக்கும் இந்த முறைக்கும் சேர்த்து, உரக்க அழுதாள். கிரீஸ் கையோடு தொடலாமா என்று தயங்கியவன், பிறகு தொட்டான். புடவை போனால் போகிறது.

கீழே எங்கேயோ ஒரு மாடியிலிருந்து யாரோ லிஃப்ட் குழிக்குள் குரல் கொடுத்தார்கள். "ஏம்ப்பா, இன்னிக்கு வருமா வராதா?"

அவன் குழியை நோக்கிக் குனிந்தான். கணக்காகப் பேசுகிறவன், எல்லா மாடிக்கும் கேட்கும்படி கத்தினான். "கொஞ்சம் பொறுங்க! எம்பொண்டாட்டி வக்கீலுக்குப் படிக்கப் போறா!"

அப்புறம் அதே குரல் கேட்டது. "ரொம்ப சந்தோஷம்! அதுக்கும் லிஃப்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

பிரேக்கக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கணவனை ஒதுக்கிவிட்டுக் குழியின் விளிம்பில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சம்பந்தம் இருக்குங்க, சொல்றேன், கேளுங்க..."